யூரித்தின் சம்பளம்

வேலையும் இல்லாமல், கையில் காசும் இல்லாமல், நாற்பதை நெருங்கும் வயதில் ஒருவர் வீடு கட்டக் கிளம்பினால் ஊர் என்ன சொல்லும்? 1957-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ராப்ளின் ஏரிக்கரையில், கவிஞர் ஆல் பர்டி அப்படித்தான் கிளம்பினார். இடித்த கட்டடத்தின் பழைய மரங்களை வாங்கிவந்து, அவரும் மனைவி யூரித்தும் தாங்களே ஆணி அடித்து எழுப்பிய வீடு. கூரையே இரு பக்கமும் சரிந்து தரையைத் தொடும் ‘ஏ’ வடிவம். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தால் செய்த கூடாரம்தான். முதல் குளிர்காலங்களில் மின்சாரமும் கிடையாது, குழாயும் கிடையாது. ஏரி உறைந்து கிடக்கும். பனிக்கட்டியைக் கோடரியால் பிளந்துதான் வாளியில் தண்ணீர் மொள்ள வேண்டும்.

1965-இல் வெளிவந்த அவருடைய ‘தி கரிபூ ஹார்ஸஸ்’ கவிதைத் தொகுப்புக்குக் கனடாவின் கவர்னர் ஜெனரல் விருது கிடைத்தது. 2000-இல் பர்டி இறந்தார். 2012-இல் அவர் பெயரில் அமைந்த சங்கம் வீட்டை வாங்கிச் செப்பனிட்டது. 2014 முதல் எழுத்தாளர்கள் அங்கே வந்து தங்கி எழுதுகிறார்கள்.

எழுத்தாளர் வீடு என்றால் நமக்குத் தெரிந்தது நினைவில்லம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பேனா, மூக்குக்கண்ணாடி. குறுக்கே கயிறு கட்டிய நாற்காலி. ‘தொடாதீர்கள்’ என்றொரு அட்டை. ஏரிக்கரை வீட்டிலோ வருகிறவர் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், காப்பியைச் சிந்தலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் ‘பெரியவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால் எழுத்து வரும்’ என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். அப்படி ஒட்டிக்கொள்ளுமானால் எழுத்தாளர் வீட்டுப் பூனைகளெல்லாம் இந்நேரம் நாவல் எழுதியிருக்கும்.

பிறகு அந்த வீடு பர்டிக்குத்தான் என்ன கொடுத்தது? விருதுக்கு முந்தைய எட்டு ஆண்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு முன்பே, 1944-இல், தன் செலவில் ஒரு தொகுதி போட்டவர். மரபான சந்தங்களில் எழுதிய அந்தக் கவிதைகளைப் பின்னாளில் அவரே மெச்சவில்லை. ஏரிக்கரையில்தான் தன் பேச்சுக்குரலைப் பிடித்தார். எழுதிக் கிழித்த தாளுக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். யூரித் வேலைக்குப் போய்க் கொண்டுவந்த சம்பளம் அந்த நாட்களுக்கும் சோறு போட்டது. தச்சுவேலை தெரிந்த கவிஞர் மில்டன் ஏகார்ன் வந்து தங்கி வேலையில் கைகொடுத்தார். பின்னாளில் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி போன்றவர்கள் வந்து போனார்கள். காட்டுத் திராட்சையில் பர்டி வடித்த ஒயினும் விடிய விடியப் பேச்சும் இலக்கிய வம்பில் இடம்பிடித்துவிட்டன. மாதச் சம்பளக் கவர் எந்த வம்பில் இடம்பிடிக்கும்?

இன்று அங்கே வருகிறவருக்குச் சங்கம் ஒரு கூரை தருகிறது, கைச்செலவுக்குப் பணம் தருகிறது. கவிதை வந்த நாள், வராத நாள் என்று அந்தப் பணம் கணக்குப் பார்ப்பதில்லை. பர்டியின் பெயரால் நடந்தாலும், இது யூரித் செய்த வேலை.

2012-இல் வீட்டை அந்தச் சங்கத்துக்கு விற்றவரும் யூரித்தான்.