அறிவித்தால் அறிந்ததாகுமா?

வக்கீல் குமாஸ்தாவாக உயர் நீதிமன்றத்தில் இருந்த காலமெல்லாம் என் தலையாய வேலை நாள் எண்ணுவதுதான். தேர்தல் வழக்கு வந்தால் காலண்டரில் கெடு நாளைச் சிவப்பு மையால் சுழித்து, மறுபடியும் எண்ணிப் பார்ப்பேன். வென்றவரைத் தேர்தல் அதிகாரி அறிவித்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மனு தாக்கலாக வேண்டும். தாமதத்தைப் பொறுக்கும் லிமிடேஷன் சட்டத்தின் 5ஆம் பிரிவு இங்கே உதவாது. ஹுகும்தேவ் நாராயண் யாதவ் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் மனுவுக்கு, முடிவு வர்த்தமானி எனும் அரசிதழில் வெளியான தேதியிலிருந்து 21 நாள்.

இந்தக் கறாரில் எனக்குக் குறையில்லை. மக்கள் கொடுத்த பதவி வருடக்கணக்கில் அந்தரத்தில் நிற்கக் கூடாது. ஆனால் ஓர் அறிவிப்பு அரசிதழில் அச்சேறியதாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள அரசுக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

1962 நவம்பர் 24 அன்று, தங்கம் கொண்டுவருவது பற்றிய புதுக் கட்டுப்பாடு இந்திய அரசிதழில் வெளியானது. 27ஆம் தேதி சூரிச்சில் விமானம் ஏறிய மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர், மணிலா போகும் வழியில் பம்பாயில் 34 கிலோ தங்கத்துடன் மாட்டினார். நடுவே மூன்றே நாள். அரசிதழில் வந்ததே போதும் என்றார்கள் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள். குற்ற மனம் இல்லாமல் தண்டனை கூடாது என்று மறுத்தார் மூன்றாவது நீதிபதி சுப்பா ராவ். ஜார்ஜ் தங்கம் கடத்தியவர்தான். ஆனாலும் என் மனசு சுப்பா ராவ் பக்கம்தான்.

அதற்கு முன்பே, 1951இல், ஹர்லா வழக்கில் நீதிபதி விவியன் போஸ் அடிப்படையைத் தொட்டிருந்தார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபினிச் சட்டம் வெளியிடப்படவே இல்லை. எனவே அது யாரையும் கட்டுப்படுத்தாது என்றது தீர்ப்பு. சட்டத்தின் உயிர் அது போய்ச் சேருவதில் இருக்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

மணிமேகலையில் இந்திர விழாவை அறிவிப்பவன் யானை மேல் முரசேற்றி நகருக்குள் வருகிறான். அவன் மக்களைத் தேடிப் போனான். அரசிதழோ நாம் தேடி வரட்டும் என்று இருக்கிறது. தெரிந்ததாக வைத்துக்கொள்ளும் அதிகாரம் தெரியப்படுத்தும் கடமையைச் செய்தவருக்கே உண்டு. அந்தக் கடமை தீராதவரை கெடுவுக்கு நியாயமும் கிடையாது.

ஒருவருடைய உரிமைக்குக் கெடு வைக்கும் அறிவிப்பு எதுவானாலும், அவருடைய மொழியில், அவருடைய தாலுகா அலுவலகச் சுவரிலாவது ஒட்டப்பட வேண்டும். நாள் கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.