வாசித்துக் காட்டுவதும் வாசிக்க விடுவதும்

வீட்டிலே பிள்ளைக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்க முற்படும் பெற்றோர் ஒரு கேள்வியை விரைவிலேயே எதிர்கொள்கின்றனர். நூலை நாமே வாசித்துக் காட்டுவதா, அன்றிப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதா? கற்பித்தல் முறை பற்றிய சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஒருவரது அறிவுக்கு இன்னொருவர் எத்துணைக் காலம் வாயாக இருக்கலாம் என்பதே இதனுள் அடங்கிய வினா என்று நாம் கருதுகிறோம்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இவ்வினா ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வந்து நின்றது. இடையிடையே திறந்தும் மூடியும் இருந்த பள்ளிகள் 2021 ஒக்டோபர் முதல் படிப்படியாக மீண்டன. கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவை எடுத்துக்கொள்வோம். பழைய நகரம் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தபின் மேட்டு நிலத்தில் எழுந்த ஊர் இது. இங்கிருந்து மலையேறினால் ரங்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். நகரத்து ஆசிரியர் வீட்டிலும் தோட்டத்து லயக் காம்பராவிலும் அன்று நடந்ததற்கு 'வீட்டுக் கல்வி' என்று ஒரே பெயர்தான் வழங்கிற்று. பொருள் ஒன்றன்று.

முதலில் மொழியைப் பார்ப்போம். 'வந்துக்கிட்டிருக்கான்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, நூலிலே 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதைக் காண்கிறது. எழுத்துத் தமிழ் எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தாயின் மடியிற் கேட்ட மொழி அன்று. (அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் இதே இடர் உண்டு, அம்மொழியிலும் பேச்சு வேறு, எழுத்து வேறு.) அந்த மொழி செவி வழியாக முன்னரே பழகியிருந்தாலன்றித் தாளிலே ஊமையாகத்தான் நிற்கும். வாசித்துக் காட்டுதல் இங்கே செல்லங் கொடுப்பதன்று, மொழியையே கொடுப்பதாகும்.

தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒலியோடு ஒத்துச் செல்வது. ஆகவே எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கும் திறன் பொருளுணரும் திறனை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. பிள்ளை ஒரு பக்கத்தைத் தட்டுத்தடங்கலின்றி ஒலித்துவிட்டால், 'இனி நீயே படி' என்று பெற்றோர் மகிழ்ந்து விலகுகின்றனர். கைவிடலாகாத வேளை எதுவோ அவ்வேளையிலேயே கைவிடுகின்றனர்!

எனினும், வாசிப்பவரின் குரலுக்கு ஓர் அதிகாரம் உண்டு என்பதையும் மறைத்தற்கில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார், ஊரார் கேட்டிருப்பர். எழுத்தறியாதாருக்கும் இலக்கியத்தை எட்டச் செய்த அரிய ஏற்பாடு அது. ஆனால் பொருள் பயன் சொல்பவரின் வாயிலேயே இருந்தது. கேட்பவர் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்ட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் பாலபாடங்களை அச்சிட்டபோது, அவற்றின் உள்ளடக்கம் பற்றி நமக்கு எத்தனை கருத்து வேறுபாடு இருப்பினும், நூல் பிள்ளையின் கைக்கே வந்தது. தனித்து வாசிப்பவன் வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான், ஐயுறுகிறான், எவருக்கும் தெரியாமல் மறுத்தும் விடுகிறான். இந்த உரிமையைத் தராத வாசிப்பு, எத்துணை அன்போடு செய்யப்பட்டாலும், ஆளுகையே.

ஆகவே பிள்ளை தானே படிக்க இயலாத கடின நூல்களை நாம் வாசிப்போம்; எளியவற்றை அதனிடம் விட்டுவிடுவோம். வாசிக்கும்போது இடைமறித்துக் கேட்கும் உரிமை அதற்கு இருக்கட்டும். கதை சூடேறிய இடத்தில் நாம் நிறுத்தி, நூலை அதன் கைக்கெட்டும் இடத்திலே வைத்துவிட்டு எழுந்து போவதும் நல்ல தந்திரமே. நாம் விரும்பாத நூலை அது தேர்ந்தெடுத்தால் பொறுத்துக்கொள்வோம், இதுதான் கடினம்.

இவ்வளவும் கூறிவிட்டு மலைக்குத் திரும்பினால் நாவெழவில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்து, அடுப்பேற்றும் தாயிடம் 'நாள்தோறும் அரைமணி நேரம் வாசித்துக் காட்டுங்கள்' என்று எவ்வாறு சொல்வது? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஒரு குடும்பமே வாழும்போது, தனித்த வாசிப்புக்குரிய தனிமை எங்கே? இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகளோ 1970களிலேதான் அரசின் பொறுப்புக்கு வரத்தொடங்கின. அந்தத் தாமதம் இன்றைய பாட்டிமாரின் எழுத்தறியாமையாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. கண்டி நகரிலே பெரியதொரு பொது நூலகம் உண்டு. ஆனால் அங்கு போய்வரும் பேருந்துச் செலவும் ஒரு நாட்கூலியின் பங்கைக் கேட்கிறது. வேலை நேரம், கூலி, வீடு ஆகியவற்றைப் பேசாமல் வாசிப்பைப் பேசுவது, பசித்தவனுக்குப் பந்தி ஒழுங்கு கற்பிப்பதாகும். வீட்டில் வாசித்துக் காட்ட ஆளில்லாத பிள்ளைக்கு வகுப்பறையில் ஆசிரியர் நாள்தோறும் வாசித்துக் காட்டுதல் கருணையன்று, கடன்.

அவ்வீடுகளிலும் வாசித்துக் காட்டுதல் நடக்கத்தான் செய்கிறது. வாசிப்பது பிள்ளை, கேட்பது தாய். சம்பளத் துண்டைப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. கழிவுகளின் பெயர்கள் அதற்கு வெறும் ஒலிகள். எழுத்தறியாத தாயோ ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, 'அதைத் திரும்பப் படி' என்கிறாள்.