தீ இல்லாத உலை

ஒரு தொழில் அழிந்துகொண்டு வருகிறது என்ற செய்தி வந்தால், அந்தத் தொழிலை ஒருநாளும் செய்தறியாதவர்கள்தாம் முதலில் கண் கலங்குகிறார்கள். நெசவு நலிகிறதே என்று வருந்துகிறவன் தறிக்குழியில் கால் வைத்தவன் அல்லன். கொல்லுலைகள் அணைகின்றனவே என்று பெருமூச்சு விடுகிறவன் துருத்திக் கயிற்றைப் பிடித்து இழுத்தவன் அல்லன். அப்படியானால் அவனுடைய வருத்தம் பொய்யா? பொய் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது யாருக்காகப் படுகிற வருத்தம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் என்றதும் பூட்டை நினைக்காத தமிழர் குறைவு. மலைக்கோட்டையும், புகையிலையும், சிறுமலை வாழைப்பழமும் அதற்குப் பிறகுதான். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று வடிவத்துக்கு ஒரு பெயர் வைத்து, லீவர் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி, ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டுக்குச் சேராதபடி செய்த கைகள் அந்த ஊர்க் கைகள். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்திரிகைகள் பாராட்டின, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் குறியீடு வந்து சேர்ந்தபோது பட்டறைகள் பல மூடிக் கிடந்தன. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து இறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. பாராட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கதவில் திண்டுக்கல் பூட்டுத் தொங்கியது என்று கேட்டால் சங்கடமாக இருக்கும்.

பூட்டுக்கு முன்னால் இரும்பு. இரும்புக்கு முன்னால் நெருப்பு. எனவே பூட்டை விட்டுவிட்டு நெருப்பையே எடுத்துக்கொள்வோம்.

திண்டுக்கல்லைச் சுற்றிய வறண்ட சமவெளியில், வேடசந்தூர்ப் பக்கமோ நத்தம் பக்கமோ, கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிப்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். இரும்பை வளைப்பதும் நீட்டுவதும் பெரிய வித்தை அல்ல. கடைசியில் துவைச்சல் கொடுக்கிறார்களே, அதுதான் வித்தை. எஃகைச் செக்கச் செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகிறது. ஆனால் அந்தக் கடினம் அப்படியே இருந்தால் கண்ணாடி மாதிரி. கல்லில் பட்டால் தெறித்துவிடும். ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்டி அதன் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். அப்போது தேய்த்து மினுக்கிய எஃகின் மேல் நிறங்கள் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, பிறகு நீலம். சுமார் 220 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்குள் நடந்து முடிகிற நாடகம் இது. எந்த நிறத்தில் நிறுத்தினால் உளி, எந்த நிறத்தில் நிறுத்தினால் அரிவாள் என்பது கொல்லரின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. ஒரு கணம் பிந்தினால் வேலை கெட்டது.

இந்த உலையில் இப்போது நெருப்பே இல்லாமல் போயிற்று. இண்டக்ஷன் முறையில் இரும்பைக் காய்ச்சுகிறார்கள். நம் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்ட இண்டக்ஷன் அடுப்பின் பெரிய அண்ணன் என்று அதைச் சொல்லலாம். தாமிரக் குழாயைச் சுருளாக வளைத்து, அதற்குள் இரும்புத் தண்டைத் தொடாமல் நிறுத்துகிறார்கள். சுருளில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை விடுகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுவது. இதுவோ ஆயிரக்கணக்கில், சில வேலைகளுக்கு லட்சக்கணக்கில் ஊசலாடுவது. அந்த ஊசலாட்டத்தில் பிறக்கும் காந்த மண்டலம் இரும்புக்குள்ளேயே மின்சுழல்களை எழுப்புகிறது. அச்சுழல்கள் ஓட ஓட இரும்பு தன் உள்ளேயிருந்தே சூடேறுகிறது. சுருளின் குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் நிற்கும் தண்டோ சில விநாடிகளில் செந்தணலாகிவிடும். கரியில்லை, புகையில்லை, துருத்தியில்லை. மறுகணம் தண்ணீர் பீய்ச்சுகிறது, துவைச்சல் முடிந்தது.

இதன் மூலத்தைத் தேடிப் போனால் அங்கேயும் ஒரு கொல்லர் மகன் நிற்கிறான். மின்தூண்டலை 1831-இல் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஓர் ஏழைக் கொல்லருடைய பிள்ளை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். அவர் 1819-இல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? 'வூட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த இந்திய எஃகு. தென்னாட்டுக் கொல்லர்கள் சிறு மண்குகைகளில் வைத்து உருக்கிய எஃகு. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் மண்ணைத் தோண்டியபோது அத்தகைய பழந்தொழிலின் தடயங்கள் கிடைத்தன. நம் கொல்லர்களின் எஃகைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இரகசியம் என்னவென்று வியந்த அதே மனிதர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கொல்லனுக்கு நெருப்பே வேண்டாதபடி செய்யும் விதையை ஊன்றினார். அது மரமாக நூறு ஆண்டுகள் ஆயின. 1930-களில் மோட்டார் வண்டிகளின் கிராங்க் தண்டுகளுக்கு இந்த முறையில் துவைச்சல் கொடுக்கத் தொடங்கினார்கள்.

உலோகத்தை உலோகத்தோடு ஒட்டுவதற்கும் இதே வழிதான். நம் ஆசாரிமார் பற்றாசு என்று சொல்வார்கள். ஒட்ட வேண்டிய இரண்டையும்விடச் சீக்கிரம் உருகுகிற மூன்றாவது உலோகம் அது. வெங்காரத்தைத் தடவி, பற்றாசுப் பொடியை வைத்து, குழலால் ஊதி இணைப்பார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வது கூட அந்த வேலையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள். கிணறு வெட்டுகிறவர்கள் பாறையில் துளை போடும் கம்பியைப் பாருங்கள். அதன் முனையில் கார்பைடு என்னும் வைரம் போன்ற துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைச் சுருளுக்குள் காட்டினால் போதும். மூட்டு மட்டும் சூடேறும், பற்றாசு உருகி இடுக்கெல்லாம் ஓடிப் பரவும், கம்பியின் மறுமுனை கையால் பிடிக்கும்படி இருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது?

வத்தலக்குண்டு சாலையில் ஒரு கொல்லரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது எழுபதை எட்டியிருக்கும். ஒரு கண்ணில் புரை விழுந்து வெளுத்திருந்தது. அவருடைய மகன் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இந்தச் சுருள் இயந்திரத்தின் முன் நிற்கிறான். "மகன் இந்தப் பட்டறையை எடுத்துக்கொள்ளவில்லையே என்று வருத்தமில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன். கேட்ட எனக்கு வருத்தம் இருந்தது. அவர் சிரித்தார்.

"நான் எதுக்குத் தம்பி வருத்தப்படணும்? அவனுக்குக் கண்ணு ரெண்டும் நல்லாயிருக்கு."

அதற்குமேல் நான் பேசவில்லை. அவர்தான் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார்:

"ஒரே ஒரு குறைதான். இரும்பு பதமாயிருச்சான்னு அங்கே அவன்கிட்ட யாரும் கேக்கிறதில்லையாம். மிசினே சொல்லிருதாம்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் முழு வழக்கும் அடங்கிக் கிடக்கிறது. முதல் வாக்கியம் நம் பெருமூச்சுக்குப் பதில். ஐம்பது வருஷம் உலையை உற்றுப் பார்க்கிற கண்ணில் புரை விழுவது அதிசயமல்ல. அந்த வெக்கைக்கு அந்தக் குணம் உண்டு என்பதை வைத்தியர்கள் அறிவார்கள். நாம் அழகு என்று எழுதுகிற செந்தணல் அவருடைய கண்ணை விலையாக வாங்கியிருக்கிறது. ஆகவே, 'நெருப்போடு போராடிய அந்த மனிதன் எங்கே' என்று ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு ஏங்குவது ரசனையாக இருக்கலாம், அறமாகாது. பிறர் படும் துன்பம் நமக்குக் காட்சியாக இருந்தது, இனி இராது என்பதற்காக நாம் துக்கம் கொண்டாட முடியாது.

ஆனால் இரண்டாவது வாக்கியம்? அது நம்மைச் சும்மா விடுவதில்லை.

உலைக்கு முன்னால் நின்றபோது அந்தக் கொல்லரிடம் துன்பம் மட்டும் இருக்கவில்லை. ஒரு திறமை இருந்தது. அந்தத் திறமையோடு ஒட்டிக்கொண்டு ஓர் அதிகாரமும் இருந்தது. ஊர்ப் பண்ணையாரே வந்து அரிவாளுக்காகக் காத்து நின்றாலும், 'இன்னும் பதம் வரவில்லை, பொறுங்கள்' என்று கொல்லர் சொன்னால் பொறுத்துத்தான் ஆக வேண்டும். நிறத்தைப் பார்க்கத் தெரிந்த கண் அவருடையது. இன்று அந்த அறிவு இயந்திரத்தின் முகப்பில் எண்களாக இருக்கிறது. இத்தனை விநாடி, இத்தனை சக்தி, இத்தனை ஊசல். எண்கள் முதலாளியின் சொத்து. நிற்கிற மனிதன் நாளைக்கு வராவிட்டால் வேறொருவன் நின்றுகொள்வான். துன்பம் போனபோது அதோடு கைகோத்துக்கொண்டு கேட்பாரும் போய்விட்டார்கள். இதை இழப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இங்கே அவசரப்பட்டுப் பழையதைத் தூக்கி வைத்துவிடவும் கூடாது. நிறம் பார்க்கும் அந்த வித்தையை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? தகப்பன் மகனுக்குச் சொன்னான். அடுத்த தெருப் பையனுக்குச் சொல்லவில்லை. துருத்தி இழுக்க மனைவி வேண்டும். சம்மட்டி போடவும் பல வீடுகளில் அவளே வேண்டும். பதம் பார்க்கும் இடம் மட்டும் அவளுடையது அல்ல. எண்களில் அடங்கிய அறிவுக்கோ குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. படித்து வந்த எந்தப் பெண்ணும், எந்தத் தெருப் பையனும் அதன் முன்னால் நிற்கலாம். கண்ணுக்குள் பூட்டி வைத்திருந்த வித்தையை இயந்திரம் திறந்துவிட்டது என்பதும் உண்மைதான்.

ஒரு பக்கம் பார்த்தால் விடுதலை. மறுபக்கம் பார்த்தால் பறிப்பு. இரண்டும் ஒரே இயந்திரத்தின் வேலை. அப்படியானால் தீர்ப்பு எப்படிச் சொல்வது?

இந்த முறையிலேயே எனக்கு ஒரு விடை தெரிகிறது. சுருளுக்குள் நிற்கும் தண்டு முழுவதும் ஒரே மாதிரி கடினமாவதில்லை. மின்சாரத்தின் ஊசல் வேகம் மிகுந்தால் சூடு மேல்தோலோடு நிற்கும். குறைந்தால் ஆழமாக இறங்கும். உராய்வு தாங்க வேண்டிய மேற்பரப்பு மட்டும் வைரம் பாய்ந்து, உள்ளே பழைய இளக்கம் அப்படியே இருக்கிற தண்டுதான் உழைக்கும். நேரம் மிஞ்சிச் சூடு நடுவரைக்கும் போய், அங்கேயும் கடினம் ஏறிவிட்டால், தண்டு ஒருநாள் பாரம் தாங்காமல் படீரென்று ஒடியும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை இரும்பு தீர்மானிப்பதில்லை, மின்சாரமும் தீர்மானிப்பதில்லை. முன்கூட்டியே ஒரு மனிதன் உட்கார்ந்து தீர்மானிக்கிறான்.

தொழிலில் வருகிற மாற்றமும் அப்படித்தான். அது வெக்கையையும் புகையையும் கண்ணின் புரையையும் எடுத்துக்கொண்டு நிற்கலாம். அல்லது இன்னும் இறங்கி, வேலை செய்கிறவனின் சொல்லையும் மதிப்பையும் சேர்த்து எரித்துவிடலாம். இயந்திரம் வந்தது, ஆகவே மனிதன் போனான் என்று விதியைப் போலப் பேசுவது சௌகரியமான பொய். எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த முகப்பின் எண்களை மாற்றும் உரிமையில் வேலையாளுக்கும் பங்கு கொடுக்கலாம். பழைய கொல்லரைக் கூப்பிட்டு, 'இந்தத் துண்டு சரியாக வந்திருக்கிறதா, பாருங்கள்' என்று கேட்கலாம். உடைத்துப் பார்த்த எஃகின் மணியைக் கண்டு குறை சொல்ல அவருக்கு இன்னும் தெரியும். இவையெல்லாம் விஞ்ஞானம் தடுக்கிற காரியங்கள் அல்ல. நாம் கேட்காததால் நடவாத காரியங்கள்.

நம் பங்கு ஒன்றும் இதில் இருக்கிறது. கைவேலைக்கு இரங்குகிறவர்கள், கடைக்குப் போனால் இருப்பதில் மலிவான பூட்டைத்தான் வாங்குகிறோம். திண்டுக்கல் பட்டறைக்காரர் தம் உழைப்புக்கு உரிய விலையைச் சொன்னால், 'இவ்வளவா?' என்று புருவத்தை உயர்த்துகிறோம். விலை கொடுக்க மனமில்லாதவனுடைய அனுதாபத்துக்கு வெறும் ஓசை மட்டும் உண்டு. கையால் செய்த பொருள் வேண்டுமென்றால் கைக்குரிய கூலியைக் கொடுப்போம். வேண்டாமென்றால், இயந்திரத்தின் முன் நிற்கிற அந்த மகனிடமாவது போய், 'இரும்பு பதமாயிற்றா?' என்று கேட்கும்படியான ஒரு நியாயத்துக்காகப் பேசுவோம். இரண்டும் செய்யாமல் அணைந்த உலைக்காக அழுவதில் யாருக்கும் பயனில்லை.