தராசுத் தட்டும் சோற்றுத் தட்டும்

தியாகராய நகர்! பட்டும் பொன்னும் பளபளக்கும் கடைத்தெரு. அங்கு வரும் குடும்பத் தலைவி பொருளைப் பார்க்கிறாள், விலையைக் கேட்கிறாள், பணப்பையைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சுடன் திரும்புகிறாள். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அரசுக்குத் தெரிய வேண்டாமா, வரவுக்குள் செலவை அடக்குவதன்றோ அறம் என்று கேட்கின்றனர் நல்லவர் பலர். வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதவரை கேடில்லை என வள்ளுவரே 'வலியறிதல்' அதிகாரத்தில் அறிவுறுத்தியதைச் சான்றும் காட்டுகின்றனர்.

கேள்வி நேர்மையானது. விடையை, அந்த நகருக்குப் பெயர் தந்த பெருமகனின் வரலாற்றிலேயே தேடுவோம்.

1920ஆம் ஆண்டு. பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முடிவாயிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவிற்று. ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. பசி தணிந்தது, பள்ளி நிறைந்தது. பொறுத்ததா வெள்ளையர் ஆட்சி? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்யலாகாது என்றது. 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது.

ஏடு ஒழுங்காயிற்று, ஓரணா மிச்சமாயிற்று. ஆனால், பசியோடு வீடு திரும்பிய பிள்ளை இழந்த படிப்பை எந்தப் பக்கத்தில் எழுதினர்? வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை!

இன்றைய ஏட்டிலும் இந்தக் குறை உண்டு. பள்ளிக்குச் சுவர் எழுப்பினால் அது மூலதனச் செலவு. அச்சுவருக்குள் பாடம் சொல்வோரின் ஊதியமும், பிள்ளை உண்ணும் உணவும் வருவாய்ச் செலவு. சுவர் சொத்தாம்; சிறுவன் செலவாம்! வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டுமெனத் தமிழ்நாடு 2003இல் சட்டம் இயற்றியது. நோக்கம் நன்று. ஆனால் சுவரைக் காத்துச் சிறுவனைக் கைவிட்டு அந்த நோக்கத்தை எய்தினால், அது வெற்றியாகுமா?

அப்படியாயின், கடன் வாங்கிக்கொண்டே போகலாமா? கூடாது! 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் பேரிலும் 2 இலட்சத்து 63 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. என் வகுப்பின் முன்வரிசைச் சிறுமி அக்கடனுக்கு ஒப்பமிடவில்லை. அவளுக்கு வாக்குரிமையும் இல்லை. ஆயினும் நாளை செலுத்தப்போகிறவள் அவளே. "என் பெயரில் வாங்கினீர்களே, எனக்கென்ன செய்தீர்கள்?" என்று அவள் கேட்டால், கல்வியையும் மருத்துவமனையையும் காட்ட முடிந்தால் தலைநிமிரலாம். பழைய கடனுக்கு வட்டி கட்டவே புதுக்கடன் வாங்கினோம் என்றால், தலைகுனிய வேண்டியதுதான்.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் சிக்கனம் பிடித்தால் சேமிப்பு. ஊரே ஒரு சேரச் செலவை நிறுத்தினால்? கடைக்காரருக்கு விற்பனை இல்லை. நெசவாளிக்குக் கூலி இல்லை. 2020இல் கொரோனா நோய்க்காகக் கடைத்தெரு கதவடைத்தபோது கண்டோம் அக்காட்சியை! மாநிலங்கள் வாங்கும் கடனின் வரம்பு, உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டிலிருந்து, நிபந்தனைகளோடு 5 விழுக்காடு வரை அவ்வாண்டு உயர்த்தப்பட்டது. அவ்வேளையில் அரசும் பையை இறுக்கியிருந்தால், அதற்குப் பெயர் சிக்கனமன்று, கல்நெஞ்சம்!

வள்ளுவரும் ஈட்டலோடும் காத்தலோடும் நின்றாரல்லர். வகுத்தளித்தலையும் அரசின் கடமையாக்கினார். ஆகவே சமன் வேண்டும்; ஆண்டுக்கு ஆண்டு அன்று, தலைமுறைக்குத் தலைமுறை. அல்லற்காலத்தில் கடன் வாங்குக. நற்காலத்தில் வசதி படைத்தோரிடம் வரி பெற்று அதனைத் தீர்த்திடுக. தராசுத் தட்டு நேராக நிற்கட்டும். ஆனால் அதற்காகப் பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பறித்து எடைக்கல்லாக வைக்க வேண்டாம்!