சுவை பொருளிலா, நாவிலா?

மதுரை அருகே ஒத்தக்கடையில் நிற்கும் யானைமலையின் பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமணத் துறவிகள் இம்மலையில் தங்கியதற்குத் தமிழிக் கல்வெட்டு சான்றாக இருக்கிறது. மதுவைத் தீண்டாதவர்கள் அவர்கள். நெய், பால், தயிர், இனிப்பு, உப்பு என நாவுக்கு இதமானவற்றைக் கைவிடுவதையும் தவமாகக் கருதிய மரபு அது.

ஆனாலும் சுவை பொருளிலா, நாவிலா என்ற, சிங்கிள் மால்ட் விஸ்கிக்கு மதிப்பெண் போடுபவரின் சிக்கலுக்கு அந்த மரபில்தான் நல்ல விடை கிடைக்கிறது.

பெங்களூரில் தயாராகும் ‘அம்ருத் ஃப்யூஷன்’ விஸ்கிக்கு ஜிம் முர்ரே என்ற ஆங்கிலேய விமர்சகர் தன் 2010-ஆம் ஆண்டுக் கையேட்டில் 100-க்கு 97 கொடுத்து, உலகின் மூன்றாம் இடத்தில் வைத்தார். ஸ்காட்லாந்துதான் மால்ட்டின் தாய்வீடு என்று நம்பியவர்கள் திகைத்தார்கள். அந்த 97 பாட்டிலுக்குள் இருந்ததா, முர்ரேயின் நாவில் இருந்ததா?

விஸ்கியில் தேர்ந்தவர்கள் முதலில் நம்புவது மூக்கை. வாய் குறுகிய கிண்ணத்தில் சிறிது ஊற்றி முகர்வார்கள். பிறகு தண்ணீர் சேர்த்து மறுபடி முகர்வார்கள். சாராயத்தின் காரம் தணிந்தால்தான் மற்ற மணங்கள் மேலே வரும். பீட் எனும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகையில் உலர்த்திய மால்ட்டின் புகைமணத்துக்குக் குவையகால் என்ற சேர்மம் முக்கியக் காரணம். தண்ணீர் கூடும்போது அது திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகிறது என்று 2017-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி வழியே காட்டினார்கள். ஒரே விஸ்கிதான், தண்ணீர் விடுமுன் ஒன்று சொல்கிறது, விட்டபின் வேறொன்று சொல்கிறது. இரண்டும் மெய்யே.

தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757-இல் வெளியிட்ட ரசனை பற்றிய கட்டுரையில், ‘டான் குவிக்சாட்’ நாவலில் வரும் கதை ஒன்றை எடுத்தாள்கிறார். ஒரே பீப்பாய் ஒயினைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோல் வாசம் என்றார், மற்றவர் இரும்பு வாசம் என்றார். ஊரார் சிரித்தார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய பழைய சாவி கிடந்தது. நுண்ணிய நாவுக்கு ஹியூம் காட்டும் சான்று இது. ஆனால் இருவருக்கும் கிடைத்தது பாதிதான் என்பதையும் கவனிக்க வேண்டும். பொருளுக்குப் பல பக்கம் உண்டு, ஒவ்வொரு கூற்றும் ஒரு பக்கத்தையே சொல்லும் என்ற சமணரின் அநேகாந்தவாதம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

சமண அறிஞர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் சுவையைச் சடப்பொருளின் குணமாகவே சொல்கிறது. அதே நூல் சுவையைத் துறப்பதைத் தவங்களில் ஒன்றாக எண்ணுகிறது. இதில் முரண் இல்லை. சுவை பொய் என்பதால் அவர்கள் அதை விடவில்லை. மெய்யான அதற்கு மனம் அடிமையாகக் கூடாது என்பதால் விட்டார்கள்.

ஆகவே மதிப்பெண் போடுபவர்கள் எந்தக் கிண்ணத்தில், எவ்வளவு தண்ணீர் விட்டு, பெயரை மறைத்தா காட்டியா சுவைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதினால் 97 நம்பத்தக்க சாட்சியம். ஆனால் அது விஸ்கியைப் பற்றிய சாட்சியம் மட்டுமே. குடிக்கலாமா என்ற கேள்விக்கு எந்த மதிப்பெண்ணிலும் விடை இல்லை. குடியால் குடும்பங்கள் சிதையும் தமிழ்நாட்டில் அதை ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.