பிறர் சமயத்தைக் கற்பித்தல் பொய்யாகுமா?

தாம் ஏற்றுக்கொள்ளாத ஒரு கொள்கையை ஆசிரியர் வகுப்பில் நின்று மாணவர்க்கு விளக்கலாமா? விளக்கினால் அது வாய்மை என்னும் அணுவிரதத்திற்கு ஊறு செய்யுமா? இலண்டனில் குடியேறிய உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி, அந்நாட்டுப் பள்ளிகளில் சமயக் கல்வி ஆசிரியை ஆவதற்குரிய பயிற்சியில் சேர எண்ணி, இவ்வினாவை எனக்கு எழுதியிருந்தாள். உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதை ஜினதர்மம் ஏற்பதில்லை. அவளோ கிறித்தவரின் படைப்பு வரலாற்றை நடத்தியாக வேண்டும். அவளுடைய ஐயம் நியாயமானதே. "உத்தியோகம்தானே" என்று அதனைத் தள்ளிவிடுதல் தகாது.

இங்கிலாந்தில் இக்கல்வி இன்றைய நிலையை அடைய நெடுங்காலம் ஆயிற்று. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் எந்த ஒரு திருச்சபைப் பிரிவுக்கும் உரிய வினாவிடை நூலைக் கற்பித்தலாகாது என 1870ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் சமய போதனையைக் கட்டாயமாக்கியது. ஆயினும் பிள்ளையை அவ்வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோர்க்கும், அதனை நடத்த மறுக்க ஆசிரியர்க்கும் அதே சட்டம் உரிமை தந்தது. 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் என்னும் பேராசிரியர் சமயவியல் துறையைத் தொடங்கினார். ஒரு சமயத்தை அதனைப் பின்பற்றுவோரின் கண்கொண்டு பார்த்து அறியலாம், அதற்கு அச்சமயத்தைத் தழுவ வேண்டுவதில்லை என்னும் அவர் வழி பள்ளிகளிலும் பரவிற்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் "சமய போதனை" என்ற பெயரே "சமயக் கல்வி" என மாறிற்று. கிறித்தவத்திற்கு முதன்மை தந்து, நாட்டிலுள்ள ஏனைய பெருஞ்சமயங்களையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று.

பட்டம் பெற்றபின் ஓராண்டுப் பயிற்சி. அதில் குறைந்தது 120 நாட்கள் பள்ளிகளிலேயே கழியும். மெய்யியல் படித்தவரும் வருவர். கிறித்தவ இறையியல் படித்தவரும் வருவர். யாராயினும் தாம் பிறந்து வளராத சமயங்களை நடத்தக் கற்றாக வேண்டும். பயிற்சியில் முதலில் திருத்தப்படுவது பேச்சுதான். "இறைவன் உலகைப் படைத்தான்" என்று வகுப்பில் கூறலாகாது. "இறைவன் உலகைப் படைத்தான் என்று கிறித்தவர் நம்புகின்றனர்" எனக் கூற வேண்டும். அவர்களுள்ளும் கருத்து வேறுபாடு உண்டாகையால் "பலர் நம்புகின்றனர்" என்பது இன்னும் சரி.

தமிழில் "என்று" என்னும் சிறிய இடைச்சொல் இந்தப் பணியைச் செய்துவிடுகிறது. நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் "என்ப" என்று சொல்லி, கருத்தை அதற்கு உரியவரிடமே ஒப்படைத்தனர். ஸ்யாத்வாதத்தில் "ஸ்யாத்" என்ற சொல்லும் இன்ன நோக்கில் இது உண்மை என எல்லை வகுப்பதே. எல்லை கூறிச் சொன்ன சொல் பொய்யாகாது. ஆனால் அநேகாந்தம் என்றாலே "எல்லாச் சமயமும் ஒன்றே" எனப் பொருள் கொள்வோர் நம்மிடையேயும் உளர். அது பிழை. படைப்புக் கடவுளை மறுக்கும் நம் கொள்கையை அநேகாந்தம் கரைத்துவிடுவதில்லை. வகுப்பில் அறிவிப்பது வேறு, வணங்குவது வேறு. பள்ளியின் கூட்டு வழிபாட்டில் பங்கேற்க மறுக்கும் உரிமையும் அந்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்க்கு உண்டு. எனவே தேவ மூடம் என்ற அச்சத்திற்கும் இடமில்லை.

எனினும் ஒரு முட்டு உண்டு. "டீச்சர், நீங்கள் எதை நம்புகிறீர்கள்?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் "என்று" காப்பாற்றாது. ஜெர்மனியில் இச்சிக்கலே எழுவதில்லை. 1949ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அங்குச் சமய வகுப்பு அந்தந்தச் சமயத்தின் கொள்கைவழியே நடக்கும். அதன் ஆசிரியர் திருச்சபையின் ஒப்புதல் பெற்றவராய் இருத்தல் வேண்டும். அது நேர்மையான முறைதான். ஆனால் அண்டை வீட்டாரின் சமயத்தை அப்பிள்ளைக்கு யார் சொல்வார்? இங்கிலாந்து முறையே எனக்கு உவப்பானது. பதினைந்து வயது மாணவன் கேட்டால், "நான் சமணப் பெண், எங்கள் கருத்து இது" என்று ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டுப் பாடத்திற்குத் திரும்பலாம். ஏழு வயதுக் குழந்தையிடம் அதுவும் வேண்டா. ஆசிரியையின் சொல்லை அக்குழந்தை எடைபோட்டுப் பார்ப்பதில்லை, அப்படியே விழுங்கிவிடுகிறது. பிஞ்சு உள்ளத்தின்மேல் நம் பாரத்தை ஏற்றுவதும் ஹிம்சையின் ஒரு வகையே.

தமிழாசிரியையாக நானும் இவ்வழியில் நடந்தவள்தான். திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரில் நம் சங்கத்தில் இருந்தவர். பின்பு சைவத்திற்குத் திரும்பினார் என்பது சைவர் போற்றும் வரலாறு. அவர் பதிகத்தை உருகிப் படித்தால் நம் வீட்டார் முகம் சுளிப்பர். உருகாமல் படித்தால் பாட்டு செத்துவிடும். நான் உருகித்தான் படித்தேன். சமணர் அவரை நீற்றறையில் இட்டனர் என்னும் பகுதி வந்தபோது "பெரியபுராணம் கூறுகிறது" என்று சொல்லி நடத்தினேன். அச்சமணர் யாவர் என்று மாணவிகள் கேட்டபோது, அவர்கள் கையிலிருந்த நன்னூலைக் காட்டி, இதனை இயற்றிய பவணந்தி முனிவரின் கூட்டத்தார் என்றேன்.

தன் சமயத்தை நடத்துவது எளிது என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. லெஸ்டர் நகரில் பழைய கிறித்தவ ஆலயம் ஒன்றை மாற்றியமைத்து 1988இல் திறந்த ஜினாலயம் உள்ளது. சுவேதாம்பரர், திகம்பரர் இருசாராரின் வழிபாட்டுக்கும் அங்கு இடமுண்டு. அங்கே மாணவரை அழைத்துச் செல்லும் தமிழ்ச் சமணப் பெண், நாம் பின்பற்றாத வாய்த்துணியையும் வெண்ணிற ஆடையையும் குறைத்துப் பேசாமல் விளக்க வேண்டுமல்லவா? பைபிளை நடத்துவதைவிட அது கடினமாயிருக்கக் கூடும்.

நம் நாட்டில், முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்விநிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. சமயங்களைப் பற்றிக் கற்பதற்கு அது தடையன்று என 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நம் பி.எட். கல்லூரிகளில் சமயக் கல்விக்கெனக் கற்பித்தல் பாடம் இல்லை. அப்பொறுப்பு தமிழாசிரியர் தலையிலும் வரலாற்றாசிரியர் தலையிலும், பெயர் சொல்லாமலே விழுகிறது. திருஞானசம்பந்தர் காலத்து மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதை வகுப்பில் பேசப்படும் நாளில், அதே பெஞ்சில் நம் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. பாடம் நடத்துபவர் அப்போது எங்கே "என்று" சேர்ப்பார், சேர்ப்பாரா என்பதை அவருக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.