கட்டணத்தால் தீராத கடன்

1945 முதல் நம் நாட்டில் நிலவும் இலவசக் கல்வியினால், இங்கு மருத்துவராகும் ஒருவர் மக்களின் வரிப்பணத்துக்குக் கடன்பட்டவராகின்றார். உள்நாட்டில் இடம் கிடைக்காமையால் ரஷ்யா, சீனா, வங்காளதேசம் முதலிய நாடுகளின் மருத்துவ பீடங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் நிலை யாது? காணியை விற்றும் நகையை அடகு வைத்தும் அவருக்குக் கட்டணம் செலுத்துவோர் பெற்றோர். பட்டத்துடன் திரும்பினும், இங்கு மருத்துவராகப் பதிவு பெற இன்னுமொரு பரீட்சையில் அவர் சித்தியடைதல் வேண்டும். ஆதலின், "விலை கொடுத்துப் பெற்ற கல்விக்கு நான் எவர்க்கும் கடனாளியல்லேன்" என அவர் கூறின், அதனை எளிதில் மறுத்தல் இயலாது.

எனினும், இவ்வாதம் ஒருவரை மறந்துவிடுகின்றது. மருத்துவம் நூலறிவால் மட்டும் கைகூடுவதன்று. நோயாளியின் படுக்கையருகே கற்கப்படுவது. தன் மொழியைத் திக்கித்திக்கிப் பேசும் அந்நிய மாணவரின் பழகாத கை தன் நோவுற்ற வயிற்றைத் தொட இசையும் நோயாளிக்கு, அம்மாணவர் செலுத்திய கட்டணத்திற் பங்கில்லை. அவர் அளிப்பது நம்பிக்கை. அதற்கு விலையில்லை, ஆகவே பணத்தால் அது தீர்வதுமில்லை.

அந்நோயாளியை மாணவர் மீண்டும் காணப்போவதில்லை. அவ்வாறாயின் கடனை எவரிடம் தீர்ப்பது? பிறிதொரு நோயாளியிடமே. அவர் எந்நாட்டவராயினும் ஆகலாம். ஆயினும், மருத்துவர் அரிதாயுள்ள இடத்து நோயாளிக்கே அதில் முதலுரிமை உண்டு. 2010 இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட நெறிக்கோவையும், மருத்துவர் புலம்பெயரும் உரிமையை மறுக்காமலே, மருத்துவர் பற்றாக்குறையால் வருந்தும் நாடுகளிலிருந்து அவர்களை முனைந்து திரட்டலாகாது என்கின்றது. எங்கே கற்பது என்னும் வினாவோடு, எவர்க்காகக் கற்பது என்பதும் விண்ணப்பம் எழுதும்போதே எழவேண்டிய வினாவாகும்.